கசகசா டப்பாவும் வியாழக்கிழமை கோர்ட்டும்

கேள்வி: எங்களுக்கு ஒரே மகன். 24 வயது. ஒன்பது வயதில் எங்களோடு நியூஜெர்சிக்கு வந்தவன்; கிரீன் கார்டு இருக்கிறது. கல்லூரியில் முதுகுவலிக்கு வாங்கிய மாத்திரையில் தொடங்கி, தெருவில் விற்கும் மாத்திரை வரை போய்விட்டான். போன வருடம் போலீஸில் மாட்டினான். வக்கீல் சொன்னபடி குற்றத்தை ஒப்புக்கொண்டு 'ரிகவரி கோர்ட்'டில் (சிறைக்குப் பதில் சிகிச்சையும் கண்காணிப்பும் தரும் கோர்ட்) சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நான்கு மாதம் நன்றாக இருந்தவன் போன மாதம் சறுக்கிவிட்டான். சிறுநீர் டெஸ்டுக்குப் போகாமல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டான். நானும் அவனைக் கண்காணிக்கும் ப்ரொபேஷன் ஆபீசருக்குப் போன் செய்து காய்ச்சல்தான் என்றேன். மறுநாள் டெஸ்டில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஜட்ஜ் இரண்டு நாள் ஜெயிலில் வைத்துவிட்டார். இது நோய் என்று அவர்களே சொல்கிறார்கள். நோயாளியை யாராவது ஜெயிலில் போடுவார்களா? இப்போது நாக்குக்கு அடியில் வைக்கும் ஒரு மருந்து வேறு கொடுக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்கிறார் என் கணவர். அடுத்த வியாழக்கிழமை மறுபடி கோர்ட். பேசாமல் மதுரைக்கு, என் அம்மாவிடம் அனுப்பிவிடலாமா என்று தோன்றுகிறது. இதை யாராவது முழுதாக முடிக்கிறார்களா? முடிப்பவர்களுக்கு எதுதான் உதவுகிறது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

மதுரைக்கு டிக்கெட் போட்டிருந்தால் முதல் வேலையாக அதை ரத்து செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கோர்ட்டின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் பிடிவாரண்டு வரும். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பலருக்குத் தெரியாதது இன்னொன்று. உங்கள் மகன் குடிமகன் இல்லை, கிரீன் கார்டுக்காரர். போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட கிரீன் கார்டுக்காரர் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனாலும், திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே சிக்கல் தொடங்கலாம். நீதிபதி முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவர் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை விதித்துவிட்டாலே குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. ரிகவரி கோர்ட்டை நல்லபடியாக முடித்தவர்கள் பழைய வழக்குப் பதிவுகளை அழிக்கக் கேட்கலாம் என்று நியூஜெர்சியில் 2016 முதல் சட்டம் இருக்கிறது. வேலை தேடுகிறவனுக்கு அது பெரிய வரம். ஆனால் குடியேற்றத் துறை பொதுவாக அந்த அழிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்பதைக் குற்றவியல் வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடில்லா வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீல் சொன்னாரா? சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, குடியேற்ற வழக்குகளை மட்டும் பார்க்கும் ஒரு வக்கீலிடம் இந்த வாரமே எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் வக்கீல் இல்லை. வேறொரு மாநிலத்தில் இதே மாதிரி கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குச் சிகிச்சை ஆலோசகராக இருப்பவள். ஆனால் கோர்ட்டை அழகாக முடித்துவிட்டு குடியேற்றத்தில் இடறி விழுந்த நம்மூர்ப் பையன்களைப் பார்த்த வருத்தம் எனக்கு உண்டு. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

முடிக்கிறார்கள். கோர்ட்டுக்குக் கோர்ட் வித்தியாசம் நிறைய. பொதுவாகச் சேர்கிறவர்களில் பாதியை ஒட்டி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1989-ல் மயாமியில் இந்த மாதிரி முதல் கோர்ட்டைத் தொடங்கியபோது, போதை வழக்கில் ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது, வெளியே விடுவது, மறுபடி பிடிப்பது என்று ஒரே ஆளையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த அலுப்பில்தான் தொடங்கினார்கள். இன்று இந்த வகைக் கோர்ட்டுகள் நாடு முழுக்க நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் 2022-ல் 'ட்ரக் கோர்ட்' என்ற பெயரையே 'ரிகவரி கோர்ட்' என்று மாற்றிவிட்டார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வாரா வாரம் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறவனுக்கு இருக்கிறது.

முடிக்காமல் போகிற மீதிப் பேர் யார்? சறுக்கியவர்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரை, முடித்தவர்களிலும் பெரும்பாலோர் நடுவில் ஒரு முறையாவது சறுக்கியவர்கள்தான். வெளியே போனவர்கள் வேறு மாதிரி போனார்கள். ஒரு டெஸ்டைத் தவற விட்டார்கள். அதற்குப் பயந்து அடுத்த கவுன்சலிங்கைத் தவற விட்டார்கள். ஆபீசர் போன் செய்தால் எடுக்கவில்லை. பிறகு ஊரிலேயே இல்லை. அவர்களைத் தோற்கடித்தது போதை மாத்திரையா, அந்தப் பயமா என்று கேட்டால் நான் பயத்தைத்தான் சொல்வேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் சறுக்கல் அல்ல. நீங்கள் செய்த அந்தப் போன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் தாய்தான், அந்த நேரத்தில் வாயில் வேறு எந்த வார்த்தையும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவளாகச் சொல்கிறேன். ஜட்ஜ் மேடைக்கு வருவதற்கு முன் ஒரு சின்ன அறையில் எல்லோரும் உட்காருவோம்: ஜட்ஜ், அரசு வக்கீல், உங்கள் பக்க வக்கீல், ப்ரொபேஷன் ஆபீசர், சிகிச்சை நிலையத்திலிருந்து ஒருவர். ஆளுக்குச் சில நிமிடம் பேசுவோம். உங்கள் மகன் பெயர் வரும்போது, "நாலு மாதம் சுத்தமாக இருந்தான், இப்போது ஒரு டெஸ்ட் தவறு" என்று மட்டும் இருந்தால் பேச்சு மருந்தின் அளவைப் பற்றியோ, வாரத்தில் இன்னொரு கவுன்சலிங் சேர்ப்பது பற்றியோ போகும். "அம்மாவும் காய்ச்சல் என்றார்கள்" என்று ஆபீசர் சொன்ன நொடியில் அறையின் காற்று மாறிவிடும். அந்த வீட்டிலிருந்து வரும் எந்தத் தகவலையும் இனி நம்புவதா என்ற கேள்வி வந்துவிடும். பாவம், அடுத்த முறை அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

'நோயாளியை ஜெயிலில் போடலாமா' என்ற உங்கள் கேள்வி நியாயமானது. இந்தத் துறைக்குள்ளேயே அதைப் பற்றி நிறைய வாதம் நடந்திருக்கிறது. இதற்கென்று தேசிய அளவில் எழுதி வைத்திருக்கும் தரநெறிகள் இப்போது என்ன சொல்கின்றன என்றால், இன்னும் நிலைப்படாத ஒருவர் போதையை எடுத்துவிட்டார் என்பதற்காக ஜெயிலில் வைக்கக் கூடாது. சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும். வருவதும் உண்மை சொல்வதும் வேறு கணக்கு. இன்றைக்கே அவனால் செய்ய முடிந்தவை அவை. போதையை விடுவது பல மாதம் பிடிக்கும் வேலை. முடிந்ததைச் செய்யாததற்குத் தண்டனை, இன்னும் முடியாததற்குச் சிகிச்சை. இந்தப் பிரிவினையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கோர்ட்டுகளில் ஆட்கள் தங்குகிறார்கள். உங்கள் ஜட்ஜ் கொடுத்த இரண்டு நாள் எதற்காக என்று அவனிடமே கேளுங்கள். சறுக்கியதற்கு என்று அவன் சொன்னால், அவனுடைய வக்கீலிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். பொய்க்காக என்றால், இரண்டு நாளோடு போனது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் ஓரிரு நாள் ஜெயில் சிலருக்கு உறைக்கும். ஒரு வாரத்தைத் தாண்டினால் வேலை போகும், மருந்து தடைபடும், பலன் ஒன்றும் இருக்காது.

ஜட்ஜ் உங்கள் மகனை வெறுக்கவில்லை. இதை நான் அவரை அறிந்து சொல்லவில்லை. இந்தக் கோர்ட்டுகளின் அமைப்பை வைத்துச் சொல்கிறேன். 23 ட்ரக் கோர்ட்டுகளை வைத்து நடந்து 2011-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஜட்ஜ் தன்னை மரியாதையாக, நியாயமாக நடத்துகிறார் என்று நினைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக மீண்டார்கள் என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. இன்னொரு ஆய்வு, ஜட்ஜ் ஒருவரிடம் மூன்று நிமிடமாவது பேசும் கோர்ட்டுகளில் மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்ததைக் காட்டியது. மூன்று நிமிடம்! நம்மூர் டாக்டர் கூட அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

அந்த மூன்று நிமிடம் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். நான் உட்கார்ந்திருந்த ஒரு கோர்ட்டில், டயர் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன் முன்னால் போய் நின்றான். நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை. ஜட்ஜ் முதலில் டெஸ்டைப் பற்றிக் கேட்கவில்லை. "போன முறை உன் மேனேஜர் சனிக்கிழமை லீவு தரமாட்டேன் என்றாரே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பையன் தந்துவிட்டார் என்றான். இரண்டு வாரம் ஒரு டெஸ்டும் தவறவில்லை என்று ஆபீசர் சொன்னதும் மேஜையில் இருந்த மீன் தொட்டி போன்ற கண்ணாடிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்கள். உள்ளே மடித்துப் போட்ட சீட்டுகள். சிலதில் 'சபாஷ்' என்பது போல ஒரு வார்த்தை மட்டும் இருக்கும், சிலதில் சின்னப் பரிசு. அவனுக்கு ஐந்து டாலர் பெட்ரோல் கார்டு வந்தது. கோர்ட்டில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முதலில் இது சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது. ஆனால் அவன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த விதத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஒரு தண்டனைக்கு நாலு பாராட்டு என்பது இந்தக் கோர்ட்டுகளில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. வீட்டில் நம் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். நாலு மாதம் அவன் சுத்தமாக இருந்தபோது எத்தனை முறை அதைச் சொன்னீர்கள்? நம் வீடுகளில் நல்லது நடந்தால் பேசாமல் இருப்போம், திருஷ்டி படுமென்று. கெட்டது நடந்தால் ஒரு வாரம் பேசுவோம். இதைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "இன்னிக்குப் போயிட்டு வந்துட்டியா, நல்லது" என்பதே போதும்.

அடுத்து மருந்து. உங்கள் கணவர் சொன்னதைக் கடிதத்துக்குக் கடிதம் படிக்கிறேன், அதனால் அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நாக்குக்கு அடியில் வைப்பது பெரும்பாலும் ப்யூப்ரெனார்ஃபின். மூளையில் ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் போதை மருந்து, போய் உட்காரும் அதே இடத்தில் இது போய் உட்காருகிறது. ஆனால் ஓரளவுக்குத்தான் அதைத் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஏக்கம் அடங்கும், போதையை விடும்போது வரும் கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை பெரும்பாலும் தணியும், வேலைக்குப் போகலாம், கார் ஓட்டலாம். இதையோ, இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்தையோ எடுத்துக்கொண்டிருக்கும்போது இறக்கும் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. போதை மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் அதிகம் இல்லை. ஒரு காலத்தில் சில கோர்ட்டுகளே 'மருந்தை நிறுத்தினால்தான் சர்டிபிகேட்' என்று பிடிவாதம் பிடித்தன. மருத்துவர் எழுதிக்கொடுத்த இந்த மருந்தை எடுப்பவரை அதற்காகத் தடுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க அரசின் நீதித் துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) 2022 ஏப்ரலில் தெளிவாக எழுதிவிட்டது. கோர்ட்டே இறங்கி வந்துவிட்டது. இப்போது பல வீடுகளில் அப்பாக்கள்தான் மிச்சம்.

ஒரு சின்ன விஷயம். அந்தப் படலம் கரைந்து முடியும் வரை அவன் பேசக் கூடாது, எதுவும் குடிக்கக் கூடாது. காலையில் நீங்கள் நீட்டும் காபி அதுவரை அடுப்பிலேயே இருக்கட்டும். கரைந்த பிறகு தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல் கெடும்.

இன்னொன்றும் வாங்கி வையுங்கள். நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே; போதை அளவு மீறி மூச்சு அடங்கும்போது உயிரைக் காப்பாற்றக்கூடியது. 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. சில மாதம் விட்டிருந்தவனுக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் அதுவே உயிரை எடுத்துவிடலாம். தெரு மாத்திரைகளில் இப்போது ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான ஓபியாய்டு கலந்திருப்பது சகஜம். ஸ்ப்ரேயை வாங்கி வைப்பது அவன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்வதாகாது. ஃப்ரிட்ஜ் மேல், எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். அவனுக்கும் தெரியட்டும்.

இனி உங்கள் சமையலறை. இதை எந்தக் கோர்ட் கையேட்டிலும் நம் பாஷையில் எழுதியிருக்க மாட்டார்கள். கசகசாவை எடுத்துவிடுங்கள். குருமாவுக்கு அரைத்து விடும் அதே கசகசாதான். அது அபின் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீர் டெஸ்டில் தெரியக்கூடும். கதை என்று நினைக்காதீர்கள்: 2023-ல் அமெரிக்க ராணுவத் தலைமை தன் வீரர்களைக் கசகசா சேர்த்த எதையும் தவிர்க்கச் சொல்லி எச்சரித்தது. முந்திரியும் தேங்காயும் அரைத்து விட்டாலே குருமா நன்றாக வரும். அரிஷ்டம், ஆசவம் எதையும் சளிக்கென்றோ செரிமானத்துக்கென்றோ கொடுக்காதீர்கள். புளிக்கவைத்துச் செய்வதால் அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. மது டெஸ்ட் இரண்டு மூன்று நாள் முன்பு குடித்ததைக் கூடக் காட்டும். இருமல் சிரப், வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றிலும் ஆல்கஹால் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், டெஸ்ட் அன்று 'உடம்பைச் சுத்தம் பண்ணும்' என்று ஒரு குடம் தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள். நீர்த்துப்போன சிறுநீர் என்று ரிப்போர்ட் வந்தால் பல கோர்ட்டுகள் அதை ஏமாற்று என்றே பார்க்கும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அவன் பாட்டி அன்போடு நீர்மோரும் பார்லித் தண்ணீருமாகக் கொடுத்து, மூன்று வாரம் அவன் எங்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

போய்ச் சேர்வதற்கு வழி வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அதில்தான் பலர் விழுகிறார்கள். பல இடங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருப்பார்கள்; காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்து அன்றைய நிறம் எது என்று கேட்க வேண்டும்; தன் நிறம் வந்தால் அன்றைக்கே டெஸ்ட். வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும், எந்த நாள் என்று தெரியாது. தீவிர வெளிநோயாளி சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. லைசென்ஸ் இல்லாத பையன், பஸ் இல்லாத புறநகர், பகல் வேலை. எப்படிச் சமாளிப்பான்? உங்களில் யார் எந்த நாள் காரில் கொண்டுபோய் விடுவது என்று ஞாயிற்றுக்கிழமை இரவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேலை இருப்பவர்கள் முடிப்பது அதிகம், அதனால் வேலையை விடச் சொல்லாதீர்கள். மாலை நேரக் குழு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் காலைப் போனை நீங்கள் செய்யாதீர்கள். எழுப்பி விடலாம். போன் அவன் கையில்தான் இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்காததிலேயே அது எவ்வளவு உறுத்துகிறது என்று தெரிகிறது. எல்லோருக்கும் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "உடம்பு சரியில்லாமல் இருந்தான், சிகிச்சையில் இருக்கிறான்" என்பது பொய் இல்லை. விசேஷ வீட்டில் பாட்டில் திறக்கும் நேரத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள், அவ்வளவுதான். ஒரே ஒருவரிடமாவது, ஒரு சித்தப்பாவோ குடும்ப நண்பரோ, முழுதாகச் சொல்லி வையுங்கள். நீங்கள் இருவரும் சோர்ந்துபோகும் நாளில் காரை எடுக்க ஒரு மூன்றாம் ஆள் வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், நாட்டில் பெரும்பாலான கோர்ட்டுகளில் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். உங்கள் மாநிலத்தில் கண்காணிப்புக் காலம் ஐந்து வருடம் வரை நீளலாம். நன்றாகப் போனால் முன்பே முடிக்க வழி உண்டு. ஐந்து மாதத்தில் வந்த சறுக்கல் இதில் சீக்கிரமான சறுக்கல்தான். கடைசி மாதத்தில் வந்திருந்தால் நானும் கவலைப்பட்டிருப்பேன்.

வியாழக்கிழமைக்கு முன் ஒரு போன் செய்யுங்கள். அதே ஆபீசருக்கு, நீங்களே. மகனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். "அன்றைக்கு நான் சொன்னது உண்மையில்லை. பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன். இனிமேல் அவனுக்காக நான் எதுவும் சொல்ல மாட்டேன், அவனே பேசுவான்." இவ்வளவு போதும், அழ வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். பிறகு வியாழக்கிழமை நீங்கள் இருவரும் கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், கணவரும் ஒரு அரை நாள் லீவு போடட்டும். பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள், அது திறந்த கோர்ட்தான். ஜட்ஜ் அவன் பெயரைக் கூப்பிடும்போது, ஏதோ நம்மைக் கூப்பிட்ட மாதிரி உங்கள் கால் தானாக எழுந்திருக்கப் பார்க்கும். உட்கார்ந்தே இருங்கள்.